பாதியில் இருக்கும் புத்தகத்தைப் பேசி ரசிப்பது எப்படி?

வாசிப்புப் பழக்கம் உள்ள இருவர் சந்தித்தால் முதல் கேள்வி, "இப்ப என்ன படிச்சிட்டிருக்கீங்க?" என்பதுதான். அதில் யாரும் சறுக்குவதில்லை. சறுக்குவது இரண்டாவது கேள்வியில். புத்தகத்தின் பெயரைச் சொன்னதும், "எப்படி இருக்கு?" என்று கேட்டுவிடுகிறோம். "பரவாயில்ல, போகுது" என்கிறார் அவர். பேச்சு அதோடு படுத்துவிடுகிறது. இன்னும் நூறு பக்கம்கூடத் தாண்டாதவரிடம் தீர்ப்புக் கேட்டால் வேறென்ன கிடைக்கும்?

கேட்க வேண்டியது, "எங்க இருக்கீங்க?" நேற்று ராத்திரி எந்த இடத்தில் மூடி வைத்தீர்கள், அப்போது அங்கே யார் யார் இருந்தார்கள், இனி என்ன நடக்கும் என்று நினைக்கிறீர்கள். இப்படிக் கேட்டால் பேசாத மனிதரும் பேசுவார். அவரிடம் அபிப்பிராயம் இருக்கிறதோ இல்லையோ, நின்ற இடம் என்று ஒன்று நிச்சயம் இருக்கும்.

முடித்த புத்தகத்தைப் பேசுவதற்கு விமர்சனம் என்று ஒரு துறையே உண்டு. பாதியில் இருக்கும் புத்தகத்துக்கு அப்படி ஒன்றும் கிடையாது. ஆனால் கேட்கச் சுவையானது இந்தப் பாதிப் பேச்சுதான் என்பது என் கட்சி. முடித்தவர் எல்லாவற்றையும் கடைசிப் பக்கத்தில் நின்றுகொண்டு திரும்பிப் பார்க்கிறார். நடுவில் இருப்பவர் யாரையோ நம்புகிறார், யார்மீதோ சந்தேகப்படுகிறார், ஊகிக்கிறார், ஊகம் தப்பினால் ஆசிரியரையே கோபித்துக்கொள்கிறார். அந்த நிலை சில நாட்களுக்கு மட்டும்தான். பிறகு அவரே விரும்பினாலும் அதற்குள் திரும்பிப் போக முடியாது.

கி. ராஜநாராயணனின் 'கோபல்ல கிராம'த்தை எடுத்துக்கொள்ளுங்கள். தொடக்கத்திலேயே நீர்க்கரையில் ஒரு கொலை, கள்ளன் பிடிபடுகிறான். இனி விசாரணைதான் என்று பக்கத்தைத் திருப்புகிறவரை, கி.ரா. கோட்டையார் வீட்டுக்குள் கூட்டிப்போய், மங்கத்தாயாரு அம்மாள் என்ற மூதாட்டியின் வாய்வழியே, அந்தக் குடி தெலுங்கு தேசத்திலிருந்து தப்பி வந்த பழங்கதையைக் கேட்க உட்காரவைத்துவிடுகிறார். அந்த இடத்தில் இருக்கும் வாசகர் யாராக இருந்தாலும் ஒரே புகார்தான்: "அந்தக் கொலை என்னய்யா ஆச்சு?" முழுதும் படித்தவர்கள் இந்தப் புகாரைச் சொல்வதில்லை. அவர்களுக்குப் பாட்டியின் கதைதான் நாவல் என்று ஆகிவிட்டிருக்கும். ஆனால் அந்தப் பொறுமையின்மையும் நாவல் வாசகரிடம் செய்கிற வேலைதான். அதை நேரில் பார்க்க வேண்டுமானால், பாதியில் இருக்கும் ஒருவரைப் பிடித்தால்தான் உண்டு.

சுந்தர ராமசாமியின் 'ஒரு புளியமரத்தின் கதை'யிலும் இப்படி ஒரு திருப்பம் இருக்கிறது. முன்பகுதி முழுக்கத் தாமோதர ஆசானின் ராஜ்யம். அவர் கதை சொல்லும் சுகத்தில் திளைத்துக்கொண்டிருப்பவரின் குரலும், நகர அரசியலும் தேர்தலும் பத்திரிகையும் புகுந்த பின்பகுதிக்கு வந்துவிட்டவரின் குரலும் ஒன்றாக இருக்காது. ஒரே நண்பரிடம் இந்த இரண்டு கட்டங்களிலும் கேட்டுப் பார்க்க வேண்டும்.

ஆகவே முதல் பயிற்சி, ஒருவரிடமே ஒரு வார இடைவெளியில் மறுபடி கேட்பது. 'மோகமுள்' படிக்கிறவர் முதல் வாரம் பாபுவின் பக்கம் நின்று பேசுவார். யமுனா அவனைவிடப் பத்து வயது மூத்தவள் என்பதைச் சாக்காகச் சொல்லி அவளைக் குறைகூடச் சொல்லலாம். அடுத்த வாரம் அதே ஆள், "அவ என்ன பண்ணுவா பாவம்" என்று தொடங்கினால், நாவல் அவருக்குள் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று கணக்கிட்டுக்கொள்ளலாம். பாத்திரங்களின் பெயரை அவர் எப்படிச் சொல்கிறார் என்பதைக் கவனியுங்கள். தொடக்கத்தில் "அந்த ஹீரோ" என்பார். பிறகு பெயர் வரும். கடைசியில் அண்டைவீட்டுப் பையனைச் சொல்வதுபோல் "இவன் இருக்கானே, இவன்" என்பார்.

நம் நாட்டில் ஒருகாலத்தில் இதற்கெல்லாம் தனி முயற்சியே தேவைப்படவில்லை. எல்லோரும் ஒரே பக்கத்தில்தான் இருந்தார்கள்; வாரப் பத்திரிகை அப்படி வைத்திருந்தது. 'பொன்னியின் செல்வன்' 1950-ல் 'கல்கி'யில் தொடங்கி மூன்றரை ஆண்டுகளுக்கு மேல் வந்தது. பணம் உள்ளவர், இல்லாதவர், வேகமாகப் படிப்பவர், எழுத்துக்கூட்டிப் படிப்பவர் யாராக இருந்தாலும் அடுத்த இதழ் வரும்வரை வந்தியத்தேவன் விட்ட இடத்திலேயே நிற்க வேண்டும். முடிவு யாருக்கும் தெரியாது. தெரிந்த ஒரே ஆசாமி கல்கி; அவருக்கும் அப்போது தெரிந்திருக்குமா என்று கேட்பவர்கள் உண்டு. வீட்டில் ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர்கள் கேட்டதும், பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்து வைத்ததும் இன்றைக்குப் பழம்பெருமையாகப் பேசப்படுகின்றன. எனக்கு அவற்றைவிடப் பெரிதாகப் படுவது அந்த ஆறு நாள் இடைவெளி. கட்டாயமாகக் கிடைத்த அந்த ஓய்வில்தான் ஊர் முழுக்க ஊகம் நடந்தது.

அண்மைக்காலத்தில் அதற்கு ஓரளவு இணையாகச் சொல்லத்தக்கது ஜெயமோகனின் 'வெண்முரசு'. 2014 முதல் 2020 வரை இணையத்தில் நாள்தோறும் ஓர் அத்தியாயம், மொத்தம் 26 நாவல்கள். மகாபாரதம் என்பதால் முடிவு ஏற்கெனவே எல்லோருக்கும் தெரியும். இருந்தும் காலையில் எழுந்து அன்றைய அத்தியாயத்தைப் படித்துவிட்டு ஒருவருக்கொருவர் பேசிக்கொண்டவர்கள் ஏராளம். என்ன நடக்கும் என்பதை விட்டுவிட்டு, எப்படி நடக்கப்போகிறது என்று பேசினார்கள். கதை தெரிந்தால் சுவை போய்விடும் என்று அஞ்சுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

இன்றைக்கு ஆளுக்கொரு புத்தகம், ஆளுக்கொரு வேகம். நான்கு பேர் கூடினால் நான்கு புத்தகங்கள். இங்கேதான் பேசுவதற்கு ஒரு முறை வேண்டியிருக்கிறது. மற்றவர் படிக்காத புத்தகத்தைப் பற்றிச் சொல்லும்போது நாம் செய்யும் பெரிய தப்பு கதைச் சுருக்கம். "அதாவது ஒரு ஊர்ல ஒருத்தன்..." என்று தொடங்கிப் பத்து நிமிடம் போனால், கேட்கிறவர் தலையாட்டுவார், மனம் எங்கோ இருக்கும். அதற்குப் பதிலாக ஒரே ஒரு பத்தியை உரக்கப் படித்துக் காட்டுங்கள். நீங்களே அடிக்கோடிட்ட பத்தியாக இருந்தால் நல்லது.

இதற்கு நம்மிடம் பெரிய ஆசான் ஒருவர் இருந்தார். ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார் (1882–1954). திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் அவர் வீட்டு வட்டவடிவத் தொட்டிக்கட்டில் ஞாயிறு மாலைகளில் நண்பர்கள் கூடினார்கள். வட்டத்தொட்டி என்ற பெயர் அப்படி வந்தது. தொ.மு. பாஸ்கரத் தொண்டைமான், நீதிபதி எஸ். மகாராஜன் போன்றோர் அந்த வட்டத்தில் உருவானவர்கள். அங்கே காப்பியத்தை வரிசையாக நடத்தி முடிக்கும் அவசரம் இல்லை. கம்பன் பாட்டு ஒன்றை எடுத்தால் அதைத் திரும்பத் திரும்பச் சொல்வார்கள். எந்தச் சொல்லில் நிறுத்தினால் பாவம் எழுகிறது என்று பார்ப்பார்கள். ஒரே பாட்டில் நெடுநேரம் கழியும். கம்பனில் பல பாடல்களை இடைச்செருகல் என்று டி.கே.சி. தள்ளியதை ஏற்காத புலவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். நானும் எல்லாவற்றையும் ஏற்கிறவன் இல்லை. ஆனால் வாய்விட்டுப் படித்து ரசிக்கும் அந்த முறையை யாரும் மறுக்க முடியாது.

யாழ்ப்பாணத்துக் கோயில்களில் நடக்கும் கந்தபுராணப் படிப்பு இதற்கும் ஒருபடி மேலே போகிறது. ஒருவர் செய்யுளை இசையோடு படிப்பார். இன்னொருவர் அதற்குப் பயன் சொல்வார். பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட செய்யுள்கள் கொண்ட நூல். ஒரு நாளில் முடிகிற காரியம் இல்லை. கூட்டத்தில் இருப்பவர்கள் எல்லோரும் அதே படலத்தில், அதே செய்யுளில் இருப்பார்கள். படிப்பவர் சறுக்கினால் திருத்தும் அளவுக்குத் தெரிந்தவர்களும் எதிரில் உட்கார்ந்திருப்பார்கள்! இதிலிருந்து எடுத்துக்கொள்ள ஒரு யோசனை: நண்பர்கள் கூடும்போது படித்துக் காட்டுகிறவரும் விளக்குகிறவரும் வேறு வேறு ஆளாக இருக்கட்டும். நீங்கள் பத்தியைப் படியுங்கள். அந்தப் புத்தகத்தைத் தொடாத நண்பர் அதிலிருந்து தனக்கு என்ன கேட்டது என்று சொல்லட்டும். ஏற்கெனவே படித்தவருக்குத் தட்டாத ஒன்று அவர் வாயிலிருந்து வரும்.

படித்து முடித்தவர் சபையில் இருந்தால் அவருக்கு ஒரே விதிதான்: வாயைத் திறக்கக்கூடாது. "இருங்க, இன்னும் கொஞ்சம் போங்க, அப்புறம் பாருங்க" என்கிற அந்தப் புன்சிரிப்பும் கூடாது. அதுவே பாதிக் கதையைச் சொல்லிவிடும்.

ஆண்டுக் கடைசியில் வரும் "இந்த வருடம் படித்த 75 புத்தகங்கள்" வகைப் பட்டியல்களைப் பற்றி எனக்கு உற்சாகம் கிடையாது. காபி டம்ளர் பக்கத்தில் அட்டை தெரிய வைத்து எடுத்த படமும் அப்படித்தான். தவறென்று சொல்லவில்லை, அவற்றில் பிறருக்குக் கேட்க ஒன்றுமில்லை. க.நா. சுப்ரமண்யம் வாழ்நாள் முழுக்கப் பட்டியல் போட்டவர்தான். ஆனால் 'படித்திருக்கிறீர்களா?' என்று புத்தகம் எழுதியபோது, எடுத்துக்கொண்ட ஒவ்வொரு நூலையும் பற்றி நின்று பேசினார். மறந்துபோன தமிழ் நாவல்களை அவர் சொல்லித் தேடிப் படித்தவர்கள் பலர்.

பேச்சில் வெட்கப்பட்டு மறைக்கப்படுவது நின்றுபோன புத்தகம். "அது ஓடல, வச்சிட்டேன்" என்று சொல்லத் தயங்குகிறோம். சொல்ல வேண்டும், எந்தப் பக்கம் என்பதையும் சேர்த்து. டால்ஸ்டாயின் பெருநாவல், டி.எஸ். சொக்கலிங்கம் மொழிபெயர்ப்பில் 'போரும் வாழ்வும்', பல வீட்டு அலமாரிகளில் முதல் பாகத்தின் முதல் சில பக்கங்களில் அடையாளத்தாளோடு நிற்கும். ஆன்னா பாவ்லவ்னாவின் வரவேற்பறையில் வாயில் நுழையாத பெயர்களாக வந்து குவியும் இடம் அது. அங்கே நின்றவரிடம் நாவலின் மகத்துவத்தைப் பேசிப் பயனில்லை. அதைத் தாண்டியவர் ஒரு துண்டுக் காகிதத்தில் ரஸ்தோவ், பல்கோன்ஸ்கி, பெசுகோவ், குராகின், துரூபெட்ஸ்கோய் என்று ஐந்து குடும்பங்களையும் எழுதி, ஒவ்வொன்றின் கீழும் யார் யார் என்று குறித்து, அந்த அடையாளத்தாள் இருக்கும் பக்கத்திலேயே செருகிக் கொடுத்தால் போதும். கொடுத்த பின் மறுவாரம் கேளுங்கள், "நடாஷா வந்துட்டாளா?" என்று.