ஆபத்தை வாய்விட்டுச் சொல்லும் பயிற்சி

ஜப்பானியக் கட்டடப் பணியிடங்களில் காலை வேலை பெரும்பாலும் ஒரு பலகையின் முன்தான் தொடங்குகிறது. கம்பி கட்டுகிறவர்கள், சாரம் கட்டுகிறவர்கள், சென்ட்ரிங் ஆட்கள் என்று தனித்தனிக் குழுவாகக் கூடி, அன்றைய வேலையில் யாருக்கு எப்படி அடிபடக்கூடும் என்று பேசுகிறார்கள். மிக முக்கியமான ஆபத்தையும் அதற்கான தடுப்பையும் பலகையில் எழுதி, விரல் நீட்டிச் சேர்ந்து குரல் கொடுத்துவிட்டு வேலைக்குக் கலைகிறார்கள். 'கிகென் யோச்சி', அதாவது ஆபத்தை முன்கூட்டியே கணித்தல், என்ற இந்தப் பயிற்சி 1970களில் சுமிதோமோ மெட்டல் என்ற எஃகு நிறுவனத்தில் உருவானது. விரல் நீட்டிச் சொல்லும் வழக்கம் ரயில்வேயிலிருந்து வந்து சேர்ந்தது.

இதன் உயிர் பேச்சு முறையில் இருக்கிறது. ஒரு படத்தைக் காட்டுகிறார்கள்: மடக்கு ஏணியில் நின்று ஒருவர் சுவருக்கு பெயின்ட் அடிக்கிறார். 'ஏணி ஆபத்து' என்று சொன்னால் போதாது. எதனால், என்ன செய்யும்போது, என்ன ஆகும் என்ற மூன்றும் வர வேண்டும். 'ஏணியை நகர்த்தாமல் பக்கவாட்டில் எட்டி அடிக்கும்போது, ஏணி சாய்ந்து ஆள் விழுவார்.' இப்படிச் சொல்ல வேண்டுமானால் ஏணியின் கால் எங்கே ஊன்றியிருக்கிறது, கை எவ்வளவு தூரம் நீள்கிறது, கீழே என்ன கிடக்கிறது என்று பார்த்தே ஆக வேண்டும். பாதுகாப்பு அதிகாரி பேச, தொழிலாளி உட்கார்ந்து கேட்கும் வகுப்பில் இது நடப்பதில்லை. இருபது வருடம் சாரத்தில் நின்றவர் நூலிழையில் தப்பிய கதை, நேற்று வந்த பையனின் காதில் விழுவதும் இங்கேதான். இந்த ஒன்றுக்காகவே இந்தப் பயிற்சியைப் பாராட்டலாம்.

ஆனால் தினமும் செய்வது சீக்கிரமே தேய்ந்துவிடுகிறது. 'காலடியில் கவனம்' என்ற ஒரே வாசகம் வாரக்கணக்கில் பலகையில் நிற்கும். குரல் மட்டும் கணீரென்று ஒலிக்கும். ஜப்பானியப் பாதுகாப்புத் துறையினரே நெடுங்காலமாகச் சொல்லிவரும் குறை இது. வியட்நாம் போன்ற நாடுகளிலிருந்து வந்து, மொழி இன்னும் பிடிபடாத தொழிலாளர்கள் இந்தப் பேச்சில் எவ்வளவு கலந்துகொள்ள முடியும்? வாய் திறக்க முடியாதவரின் கண் பழகியதா என்று யாருக்கும் தெரியாது.

இன்னொரு குறை ஆழமானது. அனுபவத்தில் இருப்பதுதான் கற்பனையில் வரும். அமெரிக்காவில் கொலராடோ பல்கலைக்கழகத்தின் மேத்யூ ஹாலோவெல்லும் அவருடன் பணியாற்றியவர்களும் செய்த ஆய்வுகளில், விழுதல், வண்டி மோதல் போன்றவை தொழிலாளர் கண்ணில் எளிதில் பட்டன. அழுத்தம், ரசாயனம் போன்றவை நழுவின. அதனால் புவியீர்ப்பு, இயக்கம், மின்சாரம், அழுத்தம், வெப்பம், ஒலி எனப் பத்து வகை ஆற்றல்களை ஒரு சக்கரமாக வரைந்து, ஒவ்வொன்றாகக் கேட்கப் பழக்கினார்கள். ஜப்பானியப் பலகையின் ஓரத்தில் இந்தச் சக்கரம் இருந்தால், காற்று நிரம்பிய கம்ப்ரசர் குழாயும் பேச்சில் இடம்பெறும்.

அப்படியும் எட்டாத இடம் ஒன்று உண்டு. தமிழ்நாட்டிலிருந்து ஏராளமானோர் கட்டட வேலைக்குப் போகும் சிங்கப்பூரில், 2004 ஏப்ரல் 20 அன்று நிக்கல் நெடுஞ்சாலை ஓரம் ரயில் சுரங்கத்துக்காகத் தோண்டிய பள்ளம் சரிந்து நால்வர் இறந்தார்கள். மண்ணைத் தாங்கிய எஃகு முட்டுகளின் இணைப்பு வடிவமைப்பிலேயே பலவீனமாக இருந்தது. எந்தக் காலைக் கூட்டமும் அதைக் கண்டுபிடித்திருக்காது. ஆனால் அன்று காலையிலிருந்தே முட்டுகளிலிருந்து சத்தம் கேட்டது, எஃகு நெளிந்தது, அதைப் பார்த்தவர்களும் இருந்தார்கள். பள்ளம் சரிந்ததோ பிற்பகலில். இடையில் பலவீனமான இடங்களை வலுப்படுத்திச் சமாளிக்கும் முயற்சிதான் நடந்தது.

சிங்கப்பூர் 2006-இல் கொண்டுவந்த பணியிடப் பாதுகாப்புச் சட்டம், ஆபத்தை உண்டாக்குகிறவரே அதை ஒழிக்கவோ குறைக்கவோ வேண்டும் என்ற கொள்கையில் எழுந்தது. ஜப்பானியப் பலகையிலோ தடுப்பு என்ற இடத்தில் 'நான் கவனமாக இருப்பேன்' என்பதே அதிகம் வந்து உட்காருகிறது. பக்கத்திலேயே இரண்டு கட்டங்கள் கூடுதலாக வேண்டும்: இந்த ஆபத்தை நிர்வாகத்தில் யார், எத்தனை மணிக்குள் சரிசெய்வார் என்று ஒன்று, அதுவரை வேலையை நிறுத்தி ஆட்களை வெளியேற்றும் அதிகாரம் இந்தக் குழுவில் யாருக்கு என்று மற்றொன்று.