எள்ளலும் பேதைமையும்: 'சிவாஜி' திரைப்படத்தில் பாரிமகளிர் பெயரும் கருநிறமும்

2007ஆம் ஆண்டு சூன் 15ஆம் நாள் வெளியான 'சிவாஜி', கறுப்புப் பணத்தை மீட்டு மக்கள் நலனுக்குத் திருப்பும் நாயகனின் கதையாகவே நினைவுகூரப்படுகிறது. ஏவி.எம். நிறுவனத்தின் தயாரிப்பு, இயக்கம் ஷங்கர், உரையாடல் சுஜாதா, நாயகன் ரஜினிகாந்த். அப்படத்தில் வெள்ளையாக்கப்படுவது பணம் மட்டுமன்று. நாயகனின் மேனி ஒரு பாடல் முழுவதும் வெள்ளையாக்கப்படுகிறது. இரு பெண்களின் முகங்களோ கறுப்பாக்கப்படுகின்றன. அவ்விருவருக்கும் அங்கவை, சங்கவை எனப் பெயர். கருநிறத்தைப் பழிக்கும் நகைச்சுவை தமிழ்த் திரைக்குப் புதிதன்று. எனினும் பாரிமகளிரின் பெயரையே அதற்குக் கருவியாக்கியமையால் இப்படம் தமிழிலக்கிய ஆய்வின் எல்லைக்குள் வந்துவிடுகிறது.

காட்சி சிறியது. நாயகியின் வீட்டாரோடு பழகிப் பார்க்க வாய்ப்பளிக்குமாறு நாயகன் வேண்டி நிற்கிறான். அயல்வீட்டார் ஒருவர் இடையே புகுந்து, தமக்கும் மகளிர் இருவர் உண்டெனத் தம் இல்லத்திற்கு அழைக்கிறார். அம்மகளிராக நடித்தோரின் மேனியில் கருஞ்சாயம் பூசப்பட்டிருப்பது திரையிலேயே புலப்படுகிறது. அவர்களைக் கண்டதும் நாயகனும் அவன் மாமனும் மருள்கின்றனர், அரங்கம் சிரிக்கிறது. அப்பெண்கள் பேதைமையாக ஒன்றும் செய்வதில்லை, தவறாக ஒன்றும் சொல்வதில்லை. தோன்றுவதே அவர்கள் செய்யும் குற்றம். 19ஆம் நூற்றாண்டு அமெரிக்க மேடைகளில் வெள்ளை நடிகர்கள் எரித்த தக்கையின் கரியைப் பூசிக்கொண்டு கறுப்பின மக்களை நையாண்டி செய்தனர். இன்று அது இனப்பழிப்பு என ஒதுக்கப்பட்டுவிட்டது. அங்கே கரி பூசியவர்கள் பழித்தது பிற இனத்தாரை. இங்கே கருஞ்சாயம் யாரைச் சுட்டுகிறது என்று கேட்டால், அரங்கில் அமர்ந்து சிரிப்போரின் தாயரையும் தமக்கையரையும் என்பதே விடை.

பெயர்களுக்கு வருவோம். புறநானூற்றின் 112ஆம் பாடல் பாரிமகளிர் பாடியதாகத் தொகுக்கப்பட்டுள்ளது. தந்தையும் பறம்பும் தம்மிடம் இருந்த ஒரு நிலவு நாளையும், இரண்டும் இல்லாத மற்றொரு நிலவு நாளையும் அருகருகே வைத்துச் சில அடிகளில் முடியும் கையறுநிலை அது. தொகை நூலில் அவர்களுக்குத் தனிப்பெயர் இல்லை. அங்கவை, சங்கவை என்பன பிற்கால வழக்கில் வந்து சேர்ந்தவை. மூவேந்தரால் பாரி மாண்டபின் கபிலர் அம்மகளிரை அழைத்துச் சென்று மணம் பேசிய செய்தியை 200 முதல் 202 வரையுள்ள பாடல்கள் தருகின்றன. விச்சிக்கோவிடம் கேட்கிறார், இருங்கோவேளிடம் கேட்கிறார். இருங்கோவேள் இசையவில்லை. அப்போது கபிலர் பாடிய 202ஆம் பாடல் கூர்ந்து நோக்கத்தக்கது. புலவர் கழாத்தலையாரை இகழ்ந்த குற்றத்தால் இருங்கோவேளின் முன்னோர் ஆண்ட அரையம் அழிந்த வரலாற்றை எடுத்துக்காட்டி, பாரிமகளிர் என்று தாம் சொன்ன சொல்லைப் பொறுத்தருளுமாறு கசப்போடு கேட்டு விடைபெறுகிறார் புலவர். மறுப்பினால் வரும் இழிவு மறுத்தவன் தலையிலேயே விழுகிறது.

அதே நிகழ்வைத்தான் படம் மீண்டும் நிகழ்த்துகிறது: மணமகன் தேடும் பெரியவர், இரு மகளிர், மறுப்பு. ஆனால் இழிவின் திசை மாறிவிட்டது. மறுத்து ஓடுபவன் நாயகன். இழிவு மகளிர்மேல் விழுகிறது. அதற்குச் சொல்லப்படும் ஒரே காரணம் நிறம். புறப்பாடல்களில் மறுப்புக்கு நிறம் காரணமாகப் பேசப்படவே இல்லை என்பதைச் சொல்லவும் வேண்டுமா? பெயர்த்தேர்வு தற்செயலானது என்று கொள்ள இயலாது. உரையாடல் ஆசிரியர் சுஜாதா புறநானூற்றுக்கு எளிய அறிமுக நூல் எழுதியவர். தந்தையாக நடித்த சாலமன் பாப்பையா தமிழ்ப் பேராசிரியர். இப்பெயர்களைச் சூட்டியவர் எவர் என்பது நமக்கு முதன்மையன்று. படப்பிடிப்புத் தளத்தில் அப்பெயர்களின் பொருள் அறிந்தோர் இருந்தனர் என்பதே முதன்மை.

இப்படத்திற்காக வாதிடுவோர் கூறக்கூடிய விடை ஒன்றுண்டு. நாயகி விளையாட்டாக அவனது நிறத்தைக் குறிப்பிட, நாயகன் வெள்ளையாகும் பொருட்டுப் பல பூச்சுகளையும் மருத்துவங்களையும் நாடி அல்லலுறும் பகுதி படத்தில் வருகிறது. ஆகவே படம் நிற மோகத்தைக் கேலி செய்கிறதே அன்றிப் போற்றவில்லை என்பர். இவ்வாதத்தில் ஓரளவு உண்மை உண்டு. அதனாலேயே அதனை நுணுகி ஆராய வேண்டும். தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் நகை பிறக்கும் களங்களை நான்காகப் பகுக்கிறது. எள்ளல் அவற்றுள் ஒன்று, பேதைமை மற்றொன்று. நாயகனின் வெள்ளையாகும் முயற்சியில் பிறப்பது பேதைமை பற்றிய நகை. நாம் சிரிப்பது அவன் நிறத்தைக் கண்டன்று, அவன் அறியாமையைக் கண்டு. அச்சிரிப்பில் அன்பும் கலந்திருக்கிறது. அவன் அப்படியே இருக்கலாம் என்பது நமக்குத் தெரியும். அங்கவை, சங்கவை காட்சியில் பிறப்பதோ எள்ளல். அங்கே மோகம் இல்லை, அறியாமை இல்லை. உடல் மட்டுமே இருக்கிறது. ஒரே படம் ஆணின் கருமைக்குப் பேதைமை நகையையும் பெண்ணின் கருமைக்கு எள்ளல் நகையையும் பங்கிட்டுத் தருகிறது. முன்னதைக் காட்டிப் பின்னதை நியாயப்படுத்த முடியாது.

இப்பங்கீடு இப்படத்தோடு தொடங்கியதன்று. ரஜினிகாந்த் 'அபூர்வ ராகங்கள்' வழியாகத் திரைக்கு வந்த 1975ஆம் ஆண்டில்தான் ஃபேர் அண்ட் லவ்லி பூச்சும் இந்தியச் சந்தைக்கு வந்தது. தற்செயல்தான், ஆயினும் சுவையான தற்செயல். அடுத்த முப்பதாண்டுகளில் ஆணின் கருமை உழைப்பின் அடையாளமாக, மண்ணின் அடையாளமாகத் திரையில் நிலைபெற்றது. பெண்ணுக்கு அப்பேறு கிட்டவில்லை. கே. பாலசந்தரின் 'தப்புத் தாளங்கள்', 'தண்ணீர் தண்ணீர்' முதலியவற்றில் ஒளிர்ந்த சரிதா பின்னர் நக்மா முதலிய நாயகியர்க்குப் பின்னணிக் குரல் தந்தார். கருநிற நடிகையின் குரல் வேண்டும். அவர் மேனி வேண்டா. இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தோன்றவில்லை.

நாயகனின் கனவுப் பாடலான 'ஒரு கூடை சன்லைட்' ஸ்பெயின் நாட்டின் பில்பாவோ நகரில், குகன்ஹைம் அருங்காட்சியகப் பின்னணியில் படமாக்கப்பட்டது. வெள்ளைப் பெண் ஒருவரின் மேனி நிறம் பதிவுசெய்யப்பட்டு, கணினி வழியே சட்டகம் சட்டகமாக ரஜினிகாந்தின் மேனியில் ஏற்றப்பட்டது. அவ்வாண்டின் சிறப்புத் தோற்றங்களுக்கான தேசிய விருதும் இப்படத்திற்குக் கிடைத்தது. பாடலின் நிறம் வடஇந்தியச் சிவப்பு அன்று, ஐரோப்பிய வெண்மை. தமிழ் வழக்கில் அழகின் நிறமாகச் சொல்லப்படும் 'சிவப்பு' எந்த நிறத்தை நோக்கி ஏங்குகிறது என்பதை இப்பாடல் மறைப்பின்றிக் காட்டிவிட்டது. கனவு முடிந்ததும் நாயகன் தன் நிறத்திற்குத் திரும்புகிறான். மகளிருக்குப் பூசிய சாயம் மட்டும் கதைக்குள் அவர்களின் இயல்பான நிறமாகவே நின்றுவிடுகிறது.

இனி நாயகி. 'பண்பாடு மிக்க தமிழ்ப் பெண்' எனத் தேடி நாயகன் கண்டடையும் அவளுக்குத் தமிழ்ச்செல்வி எனப் பெயர். ஏற்றவர் வடக்கே பிறந்து வளர்ந்த ஸ்ரேயா. அவர் பேசும் தமிழ் இரவல் குரல். நடிகையரின் பிறப்பிடம் குறையாகாது. தமிழ்த் திரை பலரையும் வரவேற்று வளர்ந்தது, வளரவும் வேண்டும். வினா வேறு: தமிழ்மை என்னும் பெயரை எந்த நிறத்திற்கு வழங்குகிறோம் என்பது. 1994ஆம் ஆண்டு சுஷ்மிதா சென் பிரபஞ்ச அழகியாகவும் ஐஸ்வர்யா ராய் உலக அழகியாகவும் முடிசூடியபின், அழகிப் போட்டி மேடையிலிருந்து தமிழ்த் திரைக்கு ஒரு நேர்வழி உருவாயிற்று. ஐஸ்வர்யா ராயின் முதற்படம் 'இருவர்' (1997). அதே ஆண்டில் 'ரட்சகன்' வழியாகச் சுஷ்மிதா சென் வந்தார். 2000ஆம் ஆண்டின் உலக அழகி பிரியங்கா சோப்ராவின் முதற்படம் 2002இல் வந்த 'தமிழன்'. இவர்களுள் சிலரின் நடிப்புத் திறன் ஐயத்திற்கு அப்பாற்பட்டது. ஆயினும் போட்டி மேடை வகுத்த உடலளவும் நிறமும் நாயகிக்குரிய அளவுகோலாகத் திரையில் குடியேறின. அவ்வளவுகோலுக்குப் புறத்தே நின்ற நந்திதா தாஸ் 'அழகி'யில் (2002) தலைப்புப் பாத்திரமாகவே வந்தார் என்பது அரிய விலக்கு.

சங்க அகப்பாடல்களில் தலைவியின் மேனியழகு மாமை எனப்படுகிறது. அச்சொல்லுக்குக் கருமை எனவும் மாந்தளிரின் நிறம் எனவும் பொருள் கொள்வர். எப்படிக் கொண்டாலும் அது வெண்மையன்று. மாமையைக் கெடுப்பது பசலை, அதாவது நிறம் வெளிறுதல். குறுந்தொகை 27இல் வெள்ளிவீதியாரின் தலைவி, தன் மாமையழகு தனக்கும் பயன்படாமல் தலைவனுக்கும் இன்பந்தராமல் பசலைக்கு இரையாவதை எண்ணி வருந்துகிறாள். நிறம் வெளிறுவது அங்கே நோயின் குறி. சங்க காலத்தில் நிறவேற்றுமையே இருந்ததில்லை என்று இதைக்கொண்டு நிறுவ முற்படுவது மிகை. இலக்கிய மரபொன்று மக்கள் வாழ்வின் முழுப்படம் ஆகாது. ஆனால் அழகின் சொல்லாட்சி எத்துணைத் தொலைவு நகர்ந்துவிட்டது என்பதை அளக்க அது போதும். 'மா' என்னும் அதே அடியிலிருந்து வந்த 'மாநிறம்' இன்று மணமகள் தேவை விளம்பரங்களில் வாழ்கிறது. அங்கே அச்சொல் அழகைச் சொல்வதில்லை, சற்றே குறைந்த விலையைச் சொல்கிறது.

சென்னையில் 2009இல் 'விமன் ஆஃப் வொர்த்' அமைப்பு 'டார்க் இஸ் பியூட்டிஃபுல்' இயக்கத்தைத் தொடங்கியது. 2020இல் ஃபேர் அண்ட் லவ்லி தன் பெயரிலிருந்து 'ஃபேர்' என்னும் சொல்லை நீக்கிக்கொண்டது. பெயர் மாற்றத்தை வெற்றி என்பாரும் உளர். குழாய்க்குள் இருப்பது மாறாதவரை அதற்கு மேல் கொண்டாட ஒன்றும் இல்லை என்பதே என் கருத்து. 'சிவாஜி'யின் அக்காட்சித் துணுக்குகளோ தொலைக்காட்சி நகைச்சுவைத் தொகுப்புகளில் இன்னும் உலவுகின்றன. புறநானூற்றின் 112ஆம் பாடலை வகுப்பில் நடத்தும் ஆசிரியர், பாடியவர்களின் பெயரைச் சொன்னதும் பின்வரிசையில் எழும் சிரிப்பை எதிர்பார்த்தே தொடங்க வேண்டியிருக்கிறது. அச்சிரிப்பு அடங்கிய பிறகே நிலவைப் பற்றிப் பேச முடியும்; அவ்வரிசையில் தலை குனிந்திருக்கும் மாணவியைப் பார்க்காததுபோல் நடந்துகொள்ளவும் வேண்டும்.