சுருளும் தட்டும்: படம் சுற்றும் தொழிலின் மூன்று மோடிகள்

வடமோடி, தென்மோடி என்று கூத்தை வகைபிரித்துப் பார்த்துப் பழகிய மட்டக்களப்பாருக்கு, படமாளிகையின் ஒப்பரேற்றர் அறைக்குள்ளும் மோடிகள் இருந்தன என்றால் வியப்பிராது. 35 மில்லிமீற்றர் பிலிம் நிமிடத்துக்கு 90 அடி ஓடும். இரண்டரை மணி நேரத் தமிழ்ப் படம் 13,500 அடி. நான்கு கிலோமீற்றருக்கும் மேல். இதைச் சுற்றவும் அவிழ்க்கவும் மூன்று வழிகள் பிறந்தன. கடைசியாக வந்த கிடைத்தட்டு முறையே உயர்ந்தது, மற்றவை வசதியில்லாதவர்களின் பழைய பழக்கம் என்று எண்ணத் தோன்றும். அது சரியன்று. சுற்றும் முறையின் தரத்துக்குப் பொறி அளவுகோலாகாது. ஒரு கொட்டகையை விட்டுப் புறப்படும் பிரதி எந்த நிலையில் இருக்கிறது என்பதே அளவுகோல்.

முதல் மோடி இரட்டைப் பொறி. ஒளி தந்த கார்பன் குச்சி நெடுநேரம் எரியாது. நைத்திரேற்று பிலிமோ எளிதில் தீப்பற்றும். அதனால் சிறு சுருள்களே பாதுகாப்பாக இருந்தன. 2,000 அடிச் சுருள் 22 நிமிடம் ஓடும். அது முடிய ஏறத்தாழ எட்டு வினாடி இருக்கையில் திரையின் வலது மேல் மூலையில் ஒரு புள்ளி தோன்றும். மற்றப் பொறியின் மோட்டாரை இயக்க வேண்டும். ஒரு வினாடி இருக்கையில் இரண்டாம் புள்ளி. ஒளியை மாற்ற வேண்டும். ஓடி முடிந்த சுருளின் வால் வெளியே இருப்பதால், மேசையில் வைத்துத் திருப்பிச் சுற்றினால்தான் அடுத்த காட்சிக்கு ஆகும். கைப்பக்குவம் தெரியும் இடம் இதுதான். தளர்ந்த சுருளின் முனையைப் பிடித்து இழுத்து இறுக்கினால் அடுக்குகள் ஒன்றோடொன்று உரசும். இடையில் சிக்கிய தூசி நெடுங்கோடுகளைக் கிழிக்கும். படம் பார்ப்பவர்கள் ‘மழை’ என்று கேலி செய்த கோடுகளில் பல இப்படி வந்தவையே.

செனன் விளக்கு வந்து ஒளி இடையறாது நின்றபோது இரண்டாவது மோடியான பெருஞ்சுருள் பரவியது. 6,000 அடியும் அதற்கு மேலும் ஒரே சுருளில் ஏற்றலாம் என்பதால், இடைவேளைக்கு முன் ஒன்று, பின் ஒன்று என்று தமிழ்ப் படத்துக்கு அது பொருந்தியது. அதன் சிக்கல் இழுவிசை. நிறைந்த சுருளுக்கு ஏற்ப இறுக்கத்தை வைத்தால், சுருள் சிறிதாக இருக்கும் தொடக்கத்தில் பிலிம் அளவுக்கு மீறி இழுபடும். தொடக்கத்துக்கு ஏற்ப வைத்தால் முடிவில் தளரும்.

மூன்றாவது மோடி கிடைத்தட்டு. ஜெர்மனியில் படமாளிகை நடத்திய வில்லி பூர்த் அதை உருவாக்கினார். கினோட்டோன் நிறுவனம் அதை வளர்த்தது. 1987ஆம் ஆண்டுக்கான அமெரிக்கத் திரைப்பட அகாதமியின் தொழில்நுட்ப விருது இரு தரப்புக்கும் கிடைத்தது. றீல்கள் ஒட்டப்பட்டு, முழுப் படமும் ஒரே தட்டில் படுத்திருக்கும். பிலிம் சுருளின் நடுவிலிருந்து கிளம்பிப் பொறி வழியே போய், இன்னொரு தட்டின் நடு வளையத்தில் தலை உள்ளே இருக்கச் சுற்றப்படும். ஆகவே திருப்பிச் சுற்றும் வேலையே இல்லை. ஆனால் முதலில் தட்டில் ஏற்றும்போது தளரச் சுற்றினால் அடுக்குகள் நழுவும். நடுவில் இரண்டு சுற்று ஒன்றாகக் கிளம்பி, வேகத்தை அளக்கும் பகுதியைச் சுற்றி இறுகும். கச்சான் காற்று வீசும் வறண்ட நாட்களில் நிலைமின்னால் பிலிம் பிலிமோடு ஒட்டும் இடர் இன்னும் கூடும். ஒரு றீலைப் பக்கம் மாற்றி ஒட்டினால் ஒலித்தடம் எதிர் ஓரத்துக்குப் போய்விடும்.

தட்டுமுறையின் பக்கம் ஒரு வலுவான வாதம் உண்டு: திருப்பிச் சுற்றுவதே பிலிம் தேய்வதற்கு ஒரு காரணம், அதை நீக்கியது தட்டுதானே? உண்மை. ஒரே படம் ஒரே மாளிகையில் வாரக்கணக்கில் ஓடுமானால் அதற்கு நிகரில்லை. ஆனால் ஊர் மாறும் ஒவ்வொரு முறையும் றீல்களின் முன்பட்டி, பின்பட்டிகளை வெட்டி, படத்தை ஒட்டி, பின் பிரித்து, மீண்டும் அவற்றைச் சேர்க்க வேண்டும். கவனக்குறைவாக வெட்டினால் சில படச்சட்டங்கள் போகும். பட்டி மாறினால் அடுத்த ஊரில் வரிசை குழம்பும். தலைநகரில் ஓடி முடிந்து கிழக்கே வந்து, சில நாளில் அடுத்த ஊருக்குப் பெட்டி கட்டப்படும் பிரதிக்கு, வெட்டாமல் ஓட்டும் இரட்டைப் பொறியே நல்லது. மட்டக்களப்பின் சித்தாண்டி ஊரார் போய்ப் படம் பார்த்த நகரக் கொட்டகைகளுக்கும் இது பொருந்தும். பின்தங்கிய நிலை என்று சொல்லப்படுவது, பிரதியின் பயணத்தைப் பார்த்தால் தகுந்த முறையாகிறது.

அதற்காக இரட்டைப் பொறியாளர் எல்லாரும் தரம் காத்தனர் என்று சொல்ல முடியாது. அச்சிலேயே புள்ளி இருக்க, தம் வசதிக்குக் கூர்முனையால் வேறு புள்ளி கீறும் பழக்கம் உலகெங்கும் இருந்தது. கைக்கு வரும் பிரதி ஏற்கெனவே கீறலோடுதான் வருகிறது, தான் மட்டும் ஏன் பார்த்துச் செய்யவேண்டும் என்பது அத்தகையவரின் நியாயம். கீறல் அழியாது, கூடிக்கொண்டே போகும் என்பதால் அந்த நியாயம் நிற்காது. கடைசியாகச் சேரும் கீறலும் அடுத்த ஊரார் காசு கொடுத்துப் பார்க்கும் படத்தின்மீதே விழுகிறது.

எல்லாம் எண்ணிமமான பின் இந்தப் பேச்சு எதற்கு என்று கேட்கலாம். 1931இல் வந்த முதல் தமிழ்ப் பேசும் படம் ‘காளிதாஸ்’. அதன் பிரதி ஒன்றும் இன்று கிடைப்பதில்லை. இலங்கையில் 1983 ஜூலை வன்செயலில் ஹெந்தளை விஜயா ஸ்டூடியோ எரிந்தபோது நெகற்றிவ்களும் அழிந்தன. நெகற்றிவ் போன படத்துக்குக் கொட்டகையில் ஓடிய பிரதியே மூலம். அதிலிருந்துதான் எண்ணிமப் பிரதியும் எடுக்க வேண்டும். வாவிக்கரையின் ஈரத்தில் அசற்றேற்று பிலிம் புளிப்பு வாடை வீசிச் சுருங்கும். அப்படியொரு பெட்டி எங்காவது கிடைத்தால் பொறியில் ஏற்றிப் பார்க்கும் ஆசையை அடக்கி, மெதுவாக, சமமாக, இழுக்காமல் சுற்றி, தலை எது, வால் எது, எத்தனையாவது றீல் என்று எழுதிக் குளிர்ந்த உலர்ந்த இடத்தில் வைக்க வேண்டும். மூன்று மோடிகளிலும் நல்ல ஒப்பரேற்றர் கடைப்பிடித்த ஒழுங்கு இதுவே. படமாளிகைத் தொழில் போய்விட்டாலும் அந்த ஒழுங்கு பிலிம் இருக்கும்வரை தேவை.