தலைக்கட்டில் சேராத வீடு

கடலோரக் கிராமத்தில் விடுமுறைக்கென்று ஒரு வீடு வாங்க நினைக்கும் வெளிநாட்டாருக்கு இந்தியாவும் இலங்கையும் வெவ்வேறு கதவுகளை அடைத்து வைத்திருக்கின்றன. வெளிநாட்டில் வசிக்கும், இந்திய வம்சாவளி அல்லாத ஒருவர் இந்திய அந்நியச் செலாவணிச் சட்டப்படி இங்கே வீடோ மனையோ வாங்க முடியாது. ஓசிஐ எனும் வெளிநாடுவாழ் இந்தியக் குடிமகன் அட்டை உள்ளவர் வீடு வாங்கலாம். விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு வாங்கக் கூடாது. இலங்கையோ 2014-ஆம் ஆண்டின் 38-ஆம் இலக்கச் சட்டத்தால், 2013 ஜனவரி 1 முதல் என்று முன்தேதியிட்டு, வெளிநாட்டவருக்குக் காணி விற்பதையே நிறுத்தியது. மாடிக் குடியிருப்பு போன்ற சில விலக்குகள் போக, அவர்களுக்கு மிஞ்சியது 99 ஆண்டு வரையிலான குத்தகை. இரண்டு சட்டங்களும் வாங்குபவர் யார் என்று துருவிக் கேட்கின்றன. வாங்கியபின் அந்த ஊரின் தண்ணீரையும் வழியையும் என்ன செய்வார், ஆண்டில் எத்தனை நாள் இருப்பார் என்று கேட்பதில்லை. ஊரோடு ஒட்டுவது வாங்குபவரின் குணத்தைப் பொறுத்தது என்று பலரும் சொல்கிறார்கள். குணத்தைவிட, எந்த ஏற்பாட்டில் அவர் அங்கே இருக்கிறார் என்பதே இதைத் தீர்மானிக்கிறது என்பது என் கட்சி.

இதைச் சோதித்துப் பார்க்க, தமிழகத்தில் புதுச்சேரிக்கு வடக்கே உள்ள மரக்காணம் ஏற்ற இடம். கிழக்கே கடல், மேற்கே உப்பளப் பாத்திகளும், பக்கிங்காம் கால்வாயின் தென்கோடியும், 2021-ல் பறவைகள் சரணாலயமாகி 2024-ல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்த கழுவேலி ஏரியும். இரண்டு உப்புநீருக்கும் நடுவே கிடக்கும் மணல்மேட்டில்தான் மீனவர் குப்பங்கள். மழைநீர் மணலில் இறங்கி, அடியிலுள்ள உப்புநீரின்மேல் மெல்லிய படலமாக நிற்கிறது. குப்பத்துக் குடிநீர் அதுதான். நீச்சல் குளத்துக்கும் புல்தரைக்கும் ஆழ்துளைக் கிணறு போட்டு இழுத்தால் உப்பு மேலேறிவிடும். ஒருமுறை ஏறியது எளிதில் இறங்காது. வலையையும் மீன்கூடையையும் தூக்கிக்கொண்டு கரைக்குப் போய்வரும் நடைவழி பல இடங்களில் எந்தப் பட்டாவிலும் பதிவாகாதது. மதில் எழும்பும் நாளில்தான் அது வழியே இல்லை என்று தெரியவரும். இந்த இரண்டு சேதத்தையும் செய்பவர் பிரெஞ்சுக்காரராக இருந்தால் என்ன, அண்ணாநகர்க்காரராக இருந்தால் என்ன? கிழக்குக் கடற்கரைச் சாலையோரத்து மனைகளை வாங்குவோரில் பெரும்பாலோர் நம் தமிழ் பேசும் சென்னைவாசிகளே. வெள்ளிக்கிழமை இரவு வந்து ஞாயிறு மாலை திரும்பும் அவர்களைத் தடுக்கச் சட்டம் ஏதுமில்லை; தடுக்க வேண்டும் என்று நானும் சொல்லவில்லை.

கடவுச்சீட்டைப் பார்த்து நிலத்தைக் காப்பது எவ்வளவு கோணலாக முடிகிறது என்பதற்கு அதே சாலையில் சாட்சி உண்டு. மரக்காணத்துக்கும் புதுச்சேரிக்கும் இடையே கீழ்ப்புத்துப்பட்டில் இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இந்த மண்ணில் உழைத்து, இங்கேயே பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பியவர்கள், சட்டத்தின் கண்ணில் இலங்கைக் குடிமக்களாக இருக்கும்வரை, ரிசர்வ் வங்கியின் முன் அனுமதியின்றி ஒரு மனை வாங்க முடியாது. ஐந்தாண்டுக்கு மேற்படாத குத்தகைதான் அவர்களுக்கு. டொரன்டோவில் இருந்துகொண்டு ஆண்டுக்கு ஒருமுறை எட்டிப்பார்க்கும் ஓசிஐ அட்டைக்காரர் அடுத்த வளாகத்திலேயே பங்களா வாங்கலாம். இலங்கையில் இதே கோணல் மறுபுறமாக வருகிறது. கனடியக் குடியுரிமை பெற்று இலங்கைக் குடியுரிமையை இழந்த யாழ்ப்பாணத்தார், இரட்டைக் குடியுரிமை எடுக்காதவரை, தான் பிறந்த ஊரில் காணி வாங்க முடியாத அந்நியர். அந்த இரட்டைக் குடியுரிமையும் 2011-ல் நிறுத்தப்பட்டு 2015-ல்தான் மீண்டும் தொடங்கியது.

விற்பனையைத் தடுத்ததால் இலங்கைக் கடற்கரை காப்பாற்றப்பட்டதா? காலிக் கோட்டைக்குள் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் வெளிநாட்டார் வாங்கிப் புதுப்பித்த பழைய வீடுகளைப் பார்த்து, அவர்கள் வராவிட்டால் அவை இடிந்தே போயிருக்கும் என்பவர்கள் உண்டு. உண்மைதான். வீடுகள் பிழைத்தன, நல்ல விலை கிடைத்து, அவற்றில் வாழ்ந்த குடும்பங்கள் பல வெளியேறின. 2014-க்குப் பிறகும் வழி அடைபடவில்லை. வெளிநாட்டுப் பங்கு 50 விழுக்காட்டை எட்டாத நிறுவனம் காணி வாங்கலாம் என்பதால், உள்ளூர்ப் பெயரொன்றைப் பெரும்பங்காளியாகக் காட்டி வாங்குவது வழக்கமாயிற்று. சுனாமிக்குப் பின் 2005-ல் தென்மேற்கில் 100 மீட்டர், வடகிழக்கில் 200 மீட்டர் என்று கட்டடத் தடைவலயம் அறிவித்தபோது மீனவர் உள்ளே தள்ளப்பட, உல்லாச விடுதிகள் மட்டும் கரைக்குத் திரும்பின என்ற கசப்பு கிழக்குக் கரையோர அறுகம்பையில் இன்னும் இருக்கிறது. ஆனாலும் குத்தகை என்ற ஏற்பாட்டில் இந்தியா கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. காணிக்காரர் காணியை விட்டு முற்றாகப் போய்விடுவதில்லை. கிணறு யாருக்கு, வழி எது, வேலி எங்கே என்பதை ஒப்பந்தத்தில் எழுத முடியும். மீறினால் கேட்க ஓர் ஆள் உரிமையோடு அங்கே இருப்பார். 99 ஆண்டு என்பது விற்பனைக்கு மறுபெயர்தானே என்றால், ஆம். அந்த நீளம் தவறு. முப்பது ஆண்டாக இருந்தால் குத்தகைக்கு விட்டவரின் பிள்ளை பேரம் பேச மிஞ்சுவார்.

ஊரோடு சேர்வதற்கும் ஒரு வாசல் வேண்டுமே. தமிழகக் கடற்கரைக் குப்பங்களில் திருமணமான ஆண் ஒரு தலைக்கட்டு. கோயில் திருவிழாவுக்கும் ஊர்ப் பொதுச் செலவுக்கும் தலைக்கட்டு வரி கட்டியவரே ஊர்ப் பஞ்சாயத்தில் பேசலாம். அது பிறப்பால் வருவது. வெளியாள் திருவிழாவுக்கு எவ்வளவு பெரிய நன்கொடை கொடுத்தாலும் அது நன்கொடைதான், வரி ஆகாது. இலங்கைக் கிராமங்களில், சிங்களப் பகுதியிலும் தமிழ்ப் பகுதியிலும், மரண உதவிச் சங்கம் என்று ஒன்று உண்டு. மாதச் சந்தா கட்டுவோர் வீட்டில் சாவு விழுந்தால் பந்தலும் கதிரையும் பணமும் ஆட்களும் வந்துவிடும். சந்தாவால் வரும் உறுப்புரிமை என்பதால், வந்தேறிக்கும் அங்கே ஒரு வாசல் திறக்கக்கூடும். மரக்காணத்துக்குத் தெற்கே 1968-ல் தொடங்கிய ஆரோவில்லில் நிலம் அறக்கட்டளையுடையது, வசிப்பவர் எவருக்கும் தனியுடைமை இல்லை. அங்கே தமிழைச் சரளமாகப் பேசும் ஐரோப்பியர் இருக்கிறார்கள். அரை நூற்றாண்டு கடந்தும் சுற்றியுள்ள கிராமத்தாருக்கும் அவர்களுக்கும் இடையே பெரும்பாலும் முதலாளி, வேலையாள் உறவுதான். ஆகவே மொழி கற்பதும் தனியுடைமையைத் துறப்பதும்கூடப் போதவில்லை.

எதிர்வாதம் இரண்டு. முதலாவது, வேலை. வடகிழக்குப் பருவமழை இறங்கியதும் உப்பளம் மூடிவிடும். அம்மாதங்களுக்குத் தமிழக அரசு 5,000 ரூபாய் நிவாரணம் தர வேண்டியிருக்கிறது. ஆண்டு முழுவதும் சம்பளம் தரும் காவல்காரர் வேலையையும் தோட்ட வேலையையும் அப்படிப்பட்ட ஊரில் யார் இகழ முடியும்? நான் இகழவில்லை. ஆனால் ஒரு பங்களாவுக்கு ஓர் ஆள். அதே பங்களா இறைக்கும் தண்ணீரோ ஒரு தெருவுடையது. இரண்டாவது வாதம் கனமானது: ஊருக்கு அதிகாரம் கொடுத்தால் அது சாதிக்குக் கொடுத்ததாகிவிடும். ஒல்லாந்தர் 1707-ல் தொகுத்த, யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமை, காணி விற்குமுன் உரித்தாளருக்கும் பங்காளிக்கும், ஒற்றி பிடித்த அண்டைக் காணிக்காரருக்கும் அறிவித்து, வாங்கும் முதலுரிமையைக் கொடுத்தது. 1947-ஆம் ஆண்டுச் சட்டம் அண்டைக் காணிக்காரரை விலக்கி மற்றவர்க்கு அதைத் தொடர்ந்தது. நிலத்தருகே தொடர்ந்து இருக்கப்போகிறவர் யார் என்று கேட்ட அளவில் அது சரியான கேள்வி. சாதி பார்த்து ஆளை விலக்கவும் அது கைகொடுக்கும் என்பதை மறைக்க வேண்டியதில்லை. தலைக்கட்டும் ஒரே சாதியின் ஆண்களுக்கானதே. எனவே விற்பனையைத் தடுக்கும் அதிகாரத்தை ஊருக்கு நான் கேட்கவில்லை. வாங்கியவர்மேல் கடமை சுமத்தும் அதிகாரத்தையே கேட்கிறேன். வேல்ஸ் நாட்டில் 2023 ஏப்ரல் முதல் இரண்டாவது வீடுகளுக்கு உள்ளாட்சி வரியோடு 300 விழுக்காடு வரை கூடுதல் விதிக்கலாம். அங்கே கேட்பது கடவுச்சீட்டை அல்ல, அந்த வீட்டில் நிலையாக யாராவது வாழ்கிறார்களா என்பதை. நம் ஊராட்சி வீட்டு வரி வாங்குகிறது, இலங்கைப் பிரதேச சபை சோலைவரி வாங்குகிறது. பூட்டிய வீட்டுக்கென்று அந்த வரிகளில் கூடுதல் இல்லை. வீடு பூட்டிக் கிடந்ததை எப்படி நிரூபிப்பது என்று கேட்கலாம். தமிழகத்தில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மின்கணக்கு எடுக்க வருபவர் குறித்துவிட்டுப் போகும் எண்ணிலேயே அது இருக்கிறது.