கயிற்றைத் தாண்டாத விகூனா

சாத்தாங்காட்டு இரும்புச் சந்தையில் கம்பி இறங்கும் ஓசையோடு நாள் கழிக்கும் எனக்கு, பெரு நாட்டு மலைக்காரர்கள் விகூனாவைப் பிடிக்கும் பக்குவம் பார்க்கப் பார்க்கத் திகட்டாது. ஒட்டகக் குடும்பத்துக் காட்டுப் பிராணி அது. ஆண்டீஸில் 3,500 மீட்டருக்கு மேலே மேய்கிறது. மெத்தென்ற பாதம், புல்வேரைச் சிதைக்காது. அதற்கேற்ற மென்மைதான் மனிதர்களிடமும்! வண்ணத்துணிகள் கட்டிய நீளக் கயிற்றைப் பிடித்தபடி ஊரே மெல்ல நடந்து மந்தையை வளைக்கிறது. அவசரப்பட்டால் மிரண்டு சிதறிவிடும்.

பிடித்ததும் ரோமத்தை விலக்கி, தோலில் சொறி உண்டா என்று விரலால் தடவிப் பார்க்கிறார்கள், இருந்தால் மருந்து. பிறகே கத்தரிப்பு. இழை சுமார் 12 மைக்ரான், இலவம்பஞ்சாய்ப் பறக்கிறது. குளிர் தாங்கட்டுமென்று வயிற்று ரோமத்தைத் தொடுவதில்லை. கிடைப்பது கால் கிலோதான். அவிழ்த்துவிட்டால், மறுபடி கத்தரி படக் குறைந்தது இரண்டு வருடமாகும்.