மஞ்சப்பையில் வந்த கிறிஸ்துமஸ்

எங்கள் மணிக்கு இந்த டிசம்பர் 24 ராத்திரி வந்த சந்தோஷம் இருக்கிறதே, அதை நீங்கள் நேரில் பார்த்திருக்க வேண்டும்! வால் மட்டுமா ஆடியது? இடுப்புக்குப் பின்னால் இருந்த முக்கால் நாயும் சேர்ந்து ஆடியது. மஞ்சப்பைக்குள் மூக்கை விட்டான், தும்மினான், வெளியே எடுத்தான், எங்கள் எல்லோர் முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்தான், மறுபடி விட்டான். பத்து நிமிஷம் இதே வேலை. என் மகள் சிரித்துச் சிரித்து விக்கல் எடுத்துத் தண்ணீர் குடிக்கப் போனாள்.

தொண்டாமுத்தூருக்கு மேற்கே, மலையடிவாரத் தோட்டத்துச் சாளையில் குடியிருக்கிறோம். கொஞ்சம் வாழை, கொஞ்சம் பாக்கு, ரெண்டு மாடு, மணி என்கிற செவலை நாட்டு நாய், சீனி என்கிற வெள்ளைப் பூனை. நாங்கள் கிறிஸ்தவர்கள் இல்லை. ஆனால் பக்கத்துத் தோட்டத்து டீச்சரம்மா வீட்டிலிருந்து வருஷா வருஷம் கேக் தட்டு வரும். பொங்கலுக்கு நாங்கள் கரும்பும் பச்சரிசியும் அனுப்புவோம். மூன்று வருஷத்துக்கு முன்னால் மகள் ஒரு கேள்வி கேட்டாள்: “நமக்குக் கேக்கு வந்துருச்சு. மணிக்கு யாருப்பா குடுப்பாங்க?”

அந்த வருஷம் நான் செய்ததைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது. பிளம் கேக்கில் ஒரு துண்டைப் பிய்த்து அவனுக்குப் போட்டுவிட்டேன். விடிய விடிய வாந்தி. வெடியாலே கால்நடை டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். “உலர்திராட்சை நாய்க்கு ஆகாதுங்க, சிறுநீரகத்தையே கெடுத்துரும்” என்றார். திராட்சையில் இருக்கும் டார்டாரிக் அமிலம்தான் காரணமாக இருக்கும் என்று இப்போது ஆராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள். அதே அமிலம் நம் புளியிலும் ஏராளம். ஆகவே மிஞ்சிய புளிக்குழம்புச் சோற்றை நாய்த்தட்டில் கவிழ்க்கும் புண்ணியவான்கள் கொஞ்சம் யோசிக்கவும். சாக்லேட்டும் வெங்காயமும்கூட நாய்களுக்கு விஷம்தான். மணி பிழைத்தது எங்கள் குலதெய்வத்தின் தயவு.

அதற்கப்புறம்தான் ஒழுங்காகப் படித்து, விசாரித்து, இதில் இறங்கினேன். இறங்கினால் இப்படி ஒரு ருசி இருக்கும் என்று எனக்கு யாருமே சொல்லவில்லையே!

முதலில் நிறம். கடையில் கிறிஸ்துமஸுக்கென்று விற்கிற நாய் பொம்மையெல்லாம் சிவப்பும் பச்சையும்தான். ஆனால் நாய்க்கு அந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது. நீலமும் மஞ்சளும்தான் அதன் கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும் என்று 1989லேயே கலிபோர்னியாவில் சோதித்துக் கண்டிருக்கிறார்கள். கிறிஸ்துமஸ் தாத்தா எதிரில் வந்து நின்றாலும் மணிக்கு அவர் மங்கலான பழுப்புச் சட்டைக்காரர். இதைப் படித்ததும் எனக்குப் பொறி தட்டியது. வெளிநாட்டில் பரிசு போடத் தொங்கவிடுவார்களே காலுறை, அதற்குப் பதிலாக நம்முடைய மஞ்சப்பை! 2021 டிசம்பரில் அரசு ‘மீண்டும் மஞ்சப்பை’ என்று ஆரம்பித்தபோது வீட்டுக்கு வந்து சேர்ந்த பைகள் அரிசிப் பானைக்குப் பின்னால் அடுக்கிக் கிடந்தன. ஒன்றை எடுத்துத் திண்ணைத் தூணில் ஆணி அடித்து மாட்டினேன்.

உள்ளே என்ன போட்டோம்? சர்க்கரைவள்ளிக் கிழங்கை வேகவைத்து, நீளமாகச் சீவி, களத்து வெயிலில் நாலு நாள் காயவைத்தோம். தோல் செருப்பு மாதிரி ஆகிவிடும். அதை அவன் கடிக்கிற சத்தத்தைக் கேட்டால் நமக்கே பசி எடுக்கும். உப்பில்லாமல் வேகவைத்த கோழி ஈரல், நாலு தேங்காய்ச் சில்லு, ஒரு நீலப் பந்து. தனியாக, என் வீட்டுக்காரி கோணிச்சாக்கில் பழைய வேட்டியையும் இலவம் பஞ்சையும் திணித்துத் தைத்த மெத்தை. மார்கழிப் பனி இந்த அடிவாரத்தில் எலும்பு வரைக்கும் இறங்கும். வாழைக்குள் யானை நுழைந்தால் எங்களுக்கு முன்னாலேயே தெரிந்து குரல் கொடுக்கிறவன், சிமெண்டுத் தரையில் சுருண்டு படுத்திருந்தான் இத்தனை வருஷமாக. எங்களுக்குத் தோன்றவே இல்லை பாருங்கள்! (யானைக்கு அஞ்சாத அந்த வீரன் ஒரு ஊசிப் பட்டாசுக்குக் கட்டிலுக்கடியில் போய்விடுவான். நள்ளிரவில் எங்கோ வெடிச் சத்தம் கேட்டதும் மெத்தையையும் இழுத்துக்கொண்டு உள்ளே போனான்.)

சீனியின் கதை வேறு. பேர்தான் சீனி, அவளுக்கு இனிப்பே தெரியாது. இனிப்பை அறிகிற மரபணு பூனை இனத்துக்கே பழுதாகிவிட்டது என்று 2005இல் கண்டுபிடித்தார்கள். கேக், பாயசம் என்று நாம் உருகுவதெல்லாம் அவளுக்குச் சும்மா மாவு. அவளுக்காகக் கோயமுத்தூர் போய் இறகு கட்டிய குச்சி, சலங்கை வைத்த எலி, கேட்னிப் என்ற சீமைச் செடித்தூள் எல்லாம் விலை விசாரித்து வந்து வீட்டில் ஒப்பித்துக்கொண்டிருந்தேன். அம்மா அரிசி புடைத்துக்கொண்டே கேட்டார்:

“அந்தத் தூளை வெச்சு என்னடா பண்ணுவாங்க?”

“மோந்து பாத்துட்டுப் பூனை கெறங்கி உருளுமாம்மா.”

“அதுக்கெதுக்குடா கடைல காசைக் கொட்டறே? வாய்க்கா மேட்டுல பூனைவணங்கி மொளச்சுக் கெடக்குது. வேரோட புடுங்கிப் போடு, போ.”

பூனைவணங்கி! நமது குப்பைமேனிக்கு அப்படி ஒரு பேர் உண்டு என்று எனக்கும் தெரியும். ஆனால் அந்தப் பேர் ஏன் வந்தது என்று நாற்பத்தாறு வருஷமாக ஒரு நாளும் யோசித்ததில்லை. செடியின் மகிமை அதன் வேரில் இருக்கிறது. மண்ணை உதறி, புது வேராகச் சீனி முன்னால் போட்டேன். ஐயோ, அந்தக் காட்சி! மோந்தாள், கன்னத்தைத் தேய்த்தாள், தலையைத் தரையில் முட்டினாள். நெடுஞ்சாண்கிடையாக விழுந்து உருண்டாள். பேர் வைத்த பாட்டனார் எவரோ, அவர் வாய்க்குச் சர்க்கரைதான் போட வேண்டும். டப்பா டப்பாவாகத் தூள் விற்கிற உலகத்தில், எங்கள் வாய்க்கால் மேட்டில் கிறிஸ்துமஸ் பரிசு களையாக முளைத்துக் கிடக்கிறது! வேரின் மயக்கம் தெளிந்ததும் மிக்ஸி வந்த அட்டைப்பெட்டிக்குள் ஏறி உட்கார்ந்தாள். ரெண்டு நாள் இறங்கவில்லை. ஒளிந்துகொள்ளப் பெட்டி கிடைத்த பூனைகளுக்குப் பதற்றம் சீக்கிரம் அடங்குகிறது என்று 2014இல் நெதர்லாந்தின் உட்ரெக்ட்டில் ஆராய்ந்து சொல்லியிருக்கிறார்கள். சீனிக்கு ஏற்கெனவே பதற்றம் என்று ஒன்று கிடையாது. பெட்டி அவளுக்குச் சிம்மாசனம்.

“நாய்க்கும் பூனைக்கும் கிறிஸ்துமஸா? பணக்காரக் கூத்து” என்று ஒறம்பரையில் ஒருவர் முகத்தைச் சுளித்தார். எனக்கு ஆன மொத்தச் செலவு, ஈரலும் பந்தும் சேர்த்து 130 ரூபாய். கூத்து புதிதும் இல்லை. 1223இல் இத்தாலியின் கிரெச்சோ கிராமத்தில் நிஜ மாட்டையும் கழுதையையும் நிறுத்திக் கிறிஸ்து பிறந்த குடிலைக் காட்டினாரே புனித பிரான்சிஸ், அவர் கிறிஸ்துமஸ் அன்று மாடுகளுக்கும் கழுதைகளுக்கும் வழக்கத்தைவிடக் கூடுதலாகத் தீவனம் போட வேண்டும், பறவைகளுக்கு வழியெல்லாம் தானியம் இறைக்க வேண்டும் என்று விரும்பினார். அவர் வரலாற்றை எழுதிய செலானோ ஊர்த் தாமஸ் இதைக் குறித்து வைத்திருக்கிறார். டீச்சரம்மாவிடம் இதைச் சொன்னபோது, “எங்க சாமி பொறந்ததே மாட்டுக் கொட்டகையில தானுங்களே” என்றார், கேக்கை நறுக்கிக்கொண்டே.

மாட்டுக்கு மரியாதை செய்யக் கொங்குநாட்டானுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். பக்கத்தில் பேரூரில் சாமி பேரே பட்டீசுவரர். பட்டிப் பொங்கலன்று எங்கள் மாடுகளுக்குக் கொம்பில் வர்ணம், கழுத்தில் புதுக் கயிறு, சலங்கை. கட்டுத்தரையில் சாணத்தால் வரப்புக் கட்டித் தண்ணீர் ஊற்றிய குட்டித் தெப்பக்குளம். அதை அவை மிதித்துத் தாண்டும்போது வீடே கைதட்டும். மணி மட்டும் வருஷா வருஷம் ஓரமாக நின்று வேடிக்கை பார்த்தான்.

ஆகவே பொங்கலுக்கு ஒரு வாரம் முன்னால் சந்தையில் கயிற்றுக்காரரிடம் போய் நின்றேன். வருஷம் தவறாமல் அவரிடம்தான் வாங்குவது.

“ரெண்டு சோடி வழக்கம் போலங்களா?”

“அதோட கழுத்துக்கயிறு ஒண்ணு சேத்திக் குடுங்க. கொஞ்சம் சன்னமா.”

“கன்னு போட்டிருக்குதுங்களா?”

“இல்லீங்க. நாய்க்கு.”

சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் சாக்கு மூட்டைக்குள் கையை விட்டுத் துழாவி, சுண்டைக்காய் அளவு பித்தளை மணி ஒன்றை எடுத்துக் காதருகே ஆட்டிப் பார்த்தார். “பெரிய மணி போட்டா அதுக்கே ராத்திரி தூக்கம் வராதுங்க. இது போதும்” என்று கயிற்றில் கோத்து முடிச்சுப் போட்டார். “பேரு என்னங்க வெச்சிருக்கறீங்க?”

“மணிங்க.”

மணிக்குக் காசு வாங்கவில்லை.