கேட்பவன் காணும் காட்சி: ராக் பாடல்களும் 'தக்யீல்' கோட்பாடும்

ராக் இசையைப் பற்றி நம் வட்டங்களில் எழுதப்பட்டவை பெரும்பாலும் ஒரே கேள்வியைச் சுற்றியே வந்துள்ளன: அது ஆகுமா, ஆகாதா? இசை குறித்த மார்க்கச் சட்டக் கருத்துகள் இமாம்களின் நூல்களில் விரிவாக உள்ளன. அவ்விவாதத்துள் நாம் இங்கு நுழையவில்லை. நாம் எழுப்ப விரும்பும் வினா வேறு. ஒரு பாடல் ஒலிக்கும்போது, கேட்பவன் தன் மனக்கண்ணில் எதைக் காண்கிறான்? அக்காட்சியை அவனுக்கு அளித்தது யார்? பாடலாசிரியனா, இசையா, அன்றி அவனே முன்பு சேர்த்து வைத்திருந்த சரக்கா? முஸ்லிம் நிலங்களின் பெயர்களைத் தாங்கிய பாடல்களில் இவ்வினா நமக்கு நேரடியான கனம் பெறுகிறது. ஆதலால் அத்தகைய இரண்டு புகழ்பெற்ற பாடல்களையே முதன்மையாக எடுத்துக்கொள்கிறோம்.

இதற்கான கருவிகளைத் தேடி நாம் வெளியே போக வேண்டியதில்லை. அபூ நஸ்ர் அல்ஃபாராபி (மறைவு: ஹி. 339 / கி.பி. 950) தம் 'கிதாபுல் மூஸீக்கல் கபீர்' என்னும் பெருநூலில் இசையை மூவகையாகப் பகுக்கிறார். செவிக்கு இன்பமும் இளைப்பாறுதலும் தருவது ஒன்று. உள்ளத்தில் உருவங்களை எழுப்புவது மற்றொன்று. உணர்ச்சிகளைக் கிளர்த்துவது மூன்றாவது. இரண்டாவதற்கு அவர் தரும் பெயர் 'முகய்யிலா'; 'கயால்' என்ற வேரிலிருந்து பிறந்த சொல். ராக் இசையின் எதிரிகளும் அன்பர்களும் ஒருசேர அதை மூன்றாம் வகையில் அடைத்துவிடுகின்றனர். எதிரிக்கு அது வெறி. அன்பனுக்கு அது விடுதலை. அது உருவம் எழுப்பும் இசை என்பதை இருவருமே கவனிப்பதில்லை.

இப்னு ஸீனா (மறைவு: கி.பி. 1037) இன்னும் ஒரு படி மேலே செல்கிறார். 'தஸ்தீக்' என்பது ஒரு கூற்றை உண்மையென அறிவு ஏற்பது. 'தக்யீல்' என்பது அறிவு ஏற்றாலும் மறுத்தாலும் உள்ளம் அக்கூற்றின் உருவத்துக்கு ஆட்பட்டு விரிவது அல்லது சுருங்குவது. தேனைக் காட்டி 'இது கக்கப்பட்ட பித்தநீர்' என்று ஒருவன் சொன்னால், அது பொய்யென்று தெரிந்தும் மனம் குமட்டுகிறது என்பது நம் மெய்யியலாளர்கள் எடுத்தாண்ட உதாரணம். பலாகத் வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம் மாணவர்கள் முகம் சுளிப்பதைக் காண்கிறோம். ஒருவரும் அதை நம்பவில்லை. ஆயினும் அன்று அவர்களுக்குத் தேன் பரிமாறினால் யாரும் தொடமாட்டார்கள். மறுப்பால் கயால் மறைவதில்லை. பின்வருவனவற்றைப் படிக்கையில் வாசகர்கள் இந்தத் தேனை நினைவில் வைத்திருக்க வேண்டுகிறோம்.

லெட் செப்பலின் என்னும் ஆங்கிலேயக் குழுவின் 'காஷ்மீர்' என்ற பாடல் 1975 பிப்ரவரியில் 'ஃபிஸிக்கல் கிராஃபிட்டி' என்ற இசைத்தொகுப்பில் வெளிவந்தது. எட்டரை நிமிடம் ஓடுவது. பாடகர் ராபர்ட் பிளான்ட் இதன் வரிகளை எழுதத் தூண்டுதலாயிருந்தது காஷ்மீர் அன்று. 1973இல் அவர் பயணம் செய்த தெற்கு மொராக்கோவின் பாலைவனச் சாலை. அப்போது அவர் காஷ்மீரைக் கண்டதே இல்லை. மஃரிபின் மணலில் பிறந்த பாட்டுக்கு இமயத்தின் பனிப் பள்ளத்தாக்கு ஒன்றின் பெயர். இதனை அறியாமை என்று தள்ளிவிடுவது எளிது. நாம் அப்படித் தள்ளமாட்டோம். ஏனெனில் இப்பாட்டு உண்மையிலேயே காட்சியை எழுப்புகிறது; எப்படி எழுப்புகிறது என்பதும் ஆராயத்தக்கது.

ஜான் பான்ஹமின் முரசு நான்கு நான்கு அடிகளாக நடக்கிறது. ஜிம்மி பேஜின் கிட்டார் சொற்றொடரோ மூன்று மூன்றாகச் சுழல்கிறது. நம் நாட்டுத் தாளக் கணக்கில் சொன்னால், சதுசிரத்தின்மேல் திசிரம் ஏறி நிற்கிறது. பன்னிரண்டு அடிகள் கடந்த பின்னரே இரண்டும் மீண்டும் ஒன்றாகத் தொடங்குகின்றன. அதற்குள் ஒன்று முந்த, மற்றொன்று பின்தங்க, கனத்த மிருகம் ஒன்று ஒருபக்கமாகச் சாய்ந்து சாய்ந்து நடப்பது போன்ற அசைவு உண்டாகிறது. அந்தக் கிட்டார் சொற்றொடரின் சுரங்களும் அரை அரைச் சுருதியாக மேலேறி, எங்கும் சென்று சேராமல் மறுபடியும் அடியிலிருந்தே தொடங்குகின்றன. ஏற்றம் உண்டு, அடைவு இல்லை. முடியாத பாதை என்ற காட்சி வரிகளைப் புரிந்துகொள்வதற்கு முன்னரே செவிவழி வந்துவிடுகிறது. ஃபாராபியின் 'முகய்யிலா' இதுதான். இங்குச் சொற்கள் பின்னர் வந்து சேரும் பயணிகள் மட்டுமே.

ஆனால், முடியாத பாதை என்பது வரை இசை தருகிறது. அப்பாதையில் ஒட்டகங்களை நிறுத்துவது யார்? தலைப்பாகையும் வெண்ணிற அங்கியும் அணிந்த உருவங்களைத் தூரத்தில் நடக்க விடுவது யார்? அவை கிட்டாரில் இல்லை. 1962இல் வெளிவந்த 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா' போன்ற திரைப்படங்கள் மேற்கத்திய மனங்களில் நிரப்பி வைத்திருந்த கிடங்கிலிருந்து அவை எடுக்கப்படுகின்றன என்பதே நம் கணிப்பு. இக்கணிப்புக்குத் துணை நிற்கும் ஆய்வு ஒன்றும் உண்டு. எலிசபெத் மார்குலிஸும் அவருடன் சேர்ந்த ஆய்வாளர்களும் 2022இல் வெளியிட்ட அவ்வாய்வில், அமெரிக்காவில் இரண்டு இடங்களிலும் சீனாவின் குய்ச்சோ மாநிலச் சிற்றூர் ஒன்றிலும் உள்ளவர்களுக்குச் சொல்லில்லாத இசைப் பகுதிகளைக் கேட்கச் செய்து, மனத்தில் எழுந்த கதைகளைக் கேட்டறிந்தனர். அமெரிக்கர்கள் ஒருவரையொருவர் அறியாதவர்களாயினும் அவர்களுடைய கதைகள் வியக்குமளவு ஒத்திருந்தன; அதே இசைக்குச் சீனச் சிற்றூரார் கண்ட கதைகள் அவற்றிலிருந்து விலகியிருந்தன. ஆய்வுக்கு எடுத்தவை ராக் பாடல்கள் அல்ல. எனினும் செய்தி நமக்கும் பொருந்தும். 'எனக்கே தோன்றியது' என்று கேட்பவன் பெருமைப்படும் காட்சி, அவன் சமூகம் அவனுக்குப் பொதுவில் வழங்கியது.

(எல்லோருக்கும் காட்சி எழுவதும் இல்லை. மனத்தில் உருவமே தோன்றாத இயல்புடையோர் உண்டு. அவ்வியல்புக்கு 2015இல் ஆடம் ஸீமன் என்ற நரம்பியல் மருத்துவரும் உடன் ஆய்வாளர்களும் 'அஃபான்டேசியா' என்று பெயரிட்டனர். அதிலுள்ள கிரேக்கச் சொல்லைத்தான் இப்னு ஸீனா 'பன்தாஸியா' என்று அரபியில் எடுத்தாண்டார்.)

'காஷ்மீர்' என்ற சொல் நம் வாசகருக்கு எதைக் காட்டும்? தால் ஏரி, சினார் மரம், ஹஸ்ரத்பால். 1989க்குப் பிறகு வேறு பல காட்சிகளும். அந்த இசைத்தொகுப்பு வெளியான அதே 1975 பிப்ரவரியில்தான் ஷேக் அப்துல்லா இருபதாண்டுகளுக்கு மேற்பட்ட இடைவெளிக்குப் பின் மீண்டும் அங்கு ஆட்சிப் பொறுப்பேற்றார். பாட்டின் காஷ்மீருக்கும் அந்தக் காஷ்மீருக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை. மக்கள் வாழும் ஊரொன்றின் பெயர் ஓர் இனிய மயக்கத்தின் பெயராகிவிட்டது. இதனால் என்ன கேடு என்று கேட்கலாம். இந்தப் பாட்டால் பெரிய கேடில்லை என்பதே நம் துணிபு. அப்துல் காஹிர் அல்ஜுர்ஜானி (மறைவு: கி.பி. 1078) 'அஸ்ராருல் பலாகா'வில், இல்லாததை இருப்பதாக நாட்டிக் காட்டும் தக்யீலைக் கவிஞனின் உரிமையாகவே பேசுகிறார். பிளான்ட் யாரையும் இழிவு செய்யவில்லை. ஆனால் வெற்றுப் பெயர், வெற்று வீட்டைப் போன்றது. யார் வேண்டுமானாலும் குடியேறலாம்.

அது எப்படி நேர்கிறது என்பதை 'ராக் த கஸ்பா' காட்டுகிறது. க்ளாஷ் என்னும் இங்கிலாந்துக் குழு 1982இல் வெளியிட்ட பாடல் இது. இதைப் பாடிய ஜோ ஸ்ட்ரம்மர் 1952இல் அங்காராவில் பிறந்தவர். தூதரகப் பணியிலிருந்த தந்தையுடன் குழந்தைப் பருவத்தில் கெய்ரோவிலும் வாழ்ந்தவர். புரட்சிக்குப் பிந்திய ஈரானில் இசைக்கு விதிக்கப்பட்ட தடையே பாடலுக்குத் தூண்டுதல் என்பர். ஆட்சியாளர் இசையைத் தடுக்கிறார், மக்கள் கேட்பதில்லை, போர் விமானங்களை அனுப்புகிறார், விமானிகளோ குண்டு வீசாமல் அதே இசையில் மூழ்கிவிடுகின்றனர். கதை இவ்வளவே. ஆயுதத்துக்குப் பணியாத கதை. ஆனால் அதைச் சொல்லக் கையாளப்பட்ட பொருள்கள் பதூவி, ஷரீஃப், பள்ளிவாசல், எண்ணெய், ஒட்டகம் என்று ஈரான் ஒருபுறம், அரபுத் தீபகற்பம் ஒருபுறம், வட ஆப்பிரிக்கா ஒருபுறமாகக் கலந்துகட்டியவை. 'கஸபா' என்பது அரபியில் கோட்டையையும் நகரின் நடுவிடத்தையும் குறிக்கும் சொல். நம் வருவாய்த் துறைப் பதிவேடுகளில் தலைமையூரைக் குறிக்கும் 'கஸ்பா'வும் அதுவே. ஆம்பூர்க்காரருக்கு அது வரிரசீதில் காணும் சொல். மேற்கத்தியருக்கோ 1938ஆம் ஆண்டின் 'அல்ஜியர்ஸ்' போன்ற ஹாலிவுட் படங்கள் கற்பித்த இருள் சந்து. 1981இல் தொடங்கிய எம்டிவி தொலைக்காட்சி, கேட்பவனின் கற்பனைக்கு மீதமிருந்த வேலையையும் எடுத்துக்கொண்டது. இப்பாடலுக்கான படம் எடுக்கப்பட்டது அமெரிக்காவின் டெக்ஸாஸில். அரபி வேடமணிந்த நடிகர் ஒருவர் அங்குள்ள சாலைகளில் திரிகிறார்.

1991 வளைகுடாப் போரில் அமெரிக்கப் படையினருக்கான வானொலியில் இப்பாடல் ஒலித்தது. இராக் மீது வீசப்படவிருந்த குண்டொன்றில் அதன் பெயர் எழுதப்பட்டதாகவும், அதை அறிந்து ஸ்ட்ரம்மர் அழுததாகவும் அவருக்கு நெருங்கியவர்கள் கூறியுள்ளனர். குண்டு வீச மறுத்த விமானிகளின் பாட்டு, குண்டு வீசச் செல்வோரின் பாட்டாயிற்று. கதையை அவர்கள் கேட்கவில்லை. கதைக்குப் பின்னால் தொங்கவிடப்பட்டிருந்த திரைச்சீலையை மட்டும் கண்டனர்: மணல், தலைப்பாகை, ஆட்டிவைக்கப்பட வேண்டிய ஓர் ஊர். பத்தாண்டுகள் கழித்து, 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பின், அமெரிக்காவின் பெரிய வானொலி நிறுவனம் ஒன்றில் 'இப்போது ஒலிபரப்பத் தகாதவை' என்று சுற்றுக்கு விடப்பட்ட பட்டியலிலும் இதே பாடல் இடம்பெற்றது. 1991இல் ஊக்கம், 2001இல் புண்படுத்தல். ஓர் எழுத்தும் மாறவில்லை.

சொல்லாலே இதைத் திருத்த முடியுமா? ஒருமுறை முயன்றனர். க்யூர் என்ற குழு, ஆல்பர் காம்யூ 1942இல் எழுதிய 'அந்நியன்' நாவலின் கடற்கரைக் கொலையை வைத்து 'கில்லிங் அன் அராப்' என்ற பாடலை 1978இல் வெளியிட்டது. நாவலைப் படித்தவருக்கு அது ஒரு மனத்தின் வெறுமையைப் பற்றியது. படிக்காதவருக்குத் தலைப்பே போதும். எண்பதுகளின் பிற்பகுதியில் அமெரிக்க அரபியர் அமைப்பு ஒன்று எதிர்ப்புத் தெரிவித்தபின், 'இது இனப்பகைக்கு ஆதரவான பாடலன்று' என்ற கருத்துப்பட ஒரு சீட்டு உறையில் ஒட்டப்பட்டது. அச்சீட்டு தஸ்தீக். உள்ளே ஒலிப்பது தக்யீல். தேன் பித்தநீர் அல்ல என்று புட்டியில் எழுதி ஒட்டுவதைப் போன்றதே அது. நேர்மையான செயல்தான், எனினும் பயன் குறைவு. (காம்யூவின் நாவலிலும் அந்த அரபிக்குப் பெயரில்லை என்பதை இங்கே சொல்லாமலிருக்க முடியவில்லை. அவனுக்குப் பெயர் சூட்ட அல்ஜீரிய எழுத்தாளர் கமால் தாவூத் 2013இல் இன்னொரு நாவலே எழுத நேர்ந்தது.)

கேட்பவனின் பங்கை இவ்வளவு வலியுறுத்தியபின், அதைக் குற்றமாக மட்டும் காண்பதும் சரியன்று. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) (மறைவு: ஹி. 505 / கி.பி. 1111) 'இஹ்யா'வின் 'ஸமாஃ, வஜ்து' பற்றிய பகுதியில் ஒரு நிகழ்ச்சியைக் குறிப்பிடுகிறார். காதலியின் கயால் மட்டுமே உறக்கத்தில் தன்னைச் சந்தித்தது என்ற கருத்தமைந்த அரபிப் பாட்டைக் கேட்டுப் பாரசீகர் ஒருவர் மெய்ம்மறந்தார். அவருக்கு அரபி தெரியாது. 'சந்திக்கவில்லை' என்ற பொருளில் வரும் 'மா ஸார' அவர் செவியில் 'நாங்கள் அழிவின் விளிம்பில் நிற்கிறோம்' என்னும் பாரசீகமாக விழுந்தது. மறுமையின் அழிவு அவர் கண்முன் வந்தது. பாடியவன் கருதியது வேறு, கேட்டவர் கண்டது வேறு. ஆயினும் அவர் அடைந்த நிலை மெய்யானது என்றே இமாம் கொள்கிறார். ஏனெனில் ஒருவர் கேட்பது அவரவர் உள்ளத்தின் அளவே. 1991இன் படைவீரனும் அந்தப் பாரசீகரும் செய்தது ஒரே செயல். இருவர் உள்ளத்திலும் இருந்த சரக்குத்தான் வேறு.

கயாலை அறிவுரை வெல்லாது; இன்னொரு கயால்தான் அதன் இடத்தைப் பிடிக்க முடியும். 1994இல் பேஜும் பிளான்டும் 'காஷ்மீர்' பாடலை எகிப்திய இசைக்கலைஞர்களுடன் சேர்ந்து மீண்டும் பதிவு செய்தபோது, அதுவரை கற்பனையில் மட்டும் இருந்த கிழக்கு உடம்போடு வந்து மேடையில் அமர்ந்தது. வரவேற்கத்தக்கதே, ஆனால் விருந்தாளியாகத்தான் வந்தது. ரஷீத் தாஹா செய்தது வேறு. அல்ஜீரியாவில் ஓரானுக்கு அருகிலுள்ள ஸிக் நகரில் 1958இல் பிறந்து, பிரான்ஸில் தொழிலாளர் குடும்பத்தில் வளர்ந்து, 2018இல் மறைந்தவர் அவர். 2004இல் 'ராக் எல் கஸ்பா' என்று அப்பாடலை அரபியில் பாடி வெளியிட்டார். கரகரத்த குரல், அழகான குரல் என்று சொல்லமாட்டோம். பாரிஸ் மேடைக்கான மினுக்கும் அதில் இல்லாமலில்லை. ஆனால் கதை இப்போது தூரத்திலிருந்து பார்ப்பவன் சொல்லும் கதையாக இல்லை. அந்த ஊர்க்காரன் தன் ஊரின் தடையைத் தானே எள்ளி நகையாடும் கதை. பின்னாளில் க்ளாஷின் கிட்டார் கலைஞர் மிக் ஜோன்ஸ் அவருடன் ஒரே மேடையில் இப்பாடலை வாசித்தார். தாஹா முன்னால் நின்று அரபியில் பாட, மூலத்தை ஆக்கியவர்களுள் ஒருவர் சற்று ஒதுங்கிநின்று துணைக்கு வாசிக்கிறார்.